நாக்கின் நடுவே ஓடும் எல்லை: ஜெர்மனித் துருக்கியர் கவிதைகள் பற்றிப் பேசலாமா?

கல்மரம்

மூன்று வாரமாக ஒரு சின்னக் கவிதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், உங்கள் உதவி வேண்டும். ஸஃபெர் ஷெனொஜாக் எழுதியது. 1961இல் அங்காராவில் பிறந்து 1970இல் குடும்பத்தோடு மியூனிக் வந்தவர், பள்ளிக்கூடத்தில் கற்ற ஜெர்மன் மொழியிலேயே கவிதை எழுதியவர். கவிதையின் தலைப்பை ‘இரட்டை மனிதன்’ என்று வைத்துக்கொள்ளலாம். என் கால்கள் இரண்டு கோள்களின் மேல் இருக்கின்றன, அவை நகரத் தொடங்கினால் என்னையும் இழுத்துக்கொண்டு போகின்றன, நான் விழுகிறேன் என்று ஆரம்பிக்கிறது. அப்புறம் தனக்குள் இரண்டு உலகங்கள் இருப்பதாகவும், எதுவும் முழுசாக இல்லை, இரண்டும் ஓயாமல் இரத்தம் கசிவதாகவும் சொல்கிறார். அதற்கு அடுத்து வரும் வரியில்தான் நான் நின்றுவிட்டேன்: எல்லைக்கோடு என் நாக்கின் நடுவே போகிறது.

துருக்கி மொழியில் ‘தில்’ என்று ஒரே சொல். நாக்குக்கும் அதுதான், மொழிக்கும் அதுதான். இவர் எழுதியது ஜெர்மனில், அங்கே இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு, இவர் உறுப்பின் பெயரைத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் அந்த ஜெர்மன் சொல்லுக்கு அடியில் ‘தில்’ படுத்திருப்பதாக எனக்குப் படுகிறது. அதாவது எல்லை எங்கே ஓடுகிறது என்று சொல்கிற வரியே இரண்டு மொழியில் ஒரே நேரத்தில் ஒலிக்கிறது. தமிழில் ‘நாக்கு’ என்று போட்டால் மொழி போய்விடுகிறது, ‘மொழி’ என்று போட்டால் சதை போய்விடுகிறது. ‘நா’ என்று வைத்துப் பார்த்தேன், திருப்தி வரவில்லை.

இந்த வரிக்காக மட்டும் இழை தொடங்கவில்லை. ஜெர்மனியில் குடியேறிய துருக்கியர் குடும்பங்களிலிருந்து வந்த இந்தக் கவிஞர்களைப் படித்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் பேச ஆசை. தமிழில் இவர்களைப் பற்றி அதிகம் பேசி நான் பார்த்ததில்லை.

ஈரக்காற்று

நாக்கிலிருந்தே தொடங்குகிறேன். எமினே செவ்கி ஓஸ்தமார் 1990இல் கொண்டுவந்த கதைத் தொகுப்பின் தலைப்பே ‘தாய்நாக்கு’ என்று பொருள்படும் ஒரு ஜெர்மன் சொல். ஜெர்மன்காரர்கள் தாய்மொழிக்குச் சொல்கிற சொல் வேறு, இது அவர் துருக்கி வழக்கை அப்படியே ஜெர்மனில் இறக்கிச் செய்தது. என் மொழியில் நாக்கு என்றால் மொழி என்றுதான் தொடங்குகிறார். உடனே நாக்குக்கு எலும்பில்லை, எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பும் என்கிறார். அது துருக்கியில் வீட்டுக்கு வீடு சொல்கிற பழமொழி. அதைப் படித்ததும் எனக்கு என் பாட்டி ஞாபகம்தான் வந்தது, நம் ஊரில் ‘நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும்’ என்போம் இல்லையா. நாம் அதைத் திட்டுவதற்குச் சொல்கிறோம். ஓஸ்தமார் அதே பழமொழியை, நாக்கு புது மொழிக்கும் வளைந்துகொடுக்கும் என்கிற பொருளில் திருப்பிவிட்டார். அவர் உரைநடைக்காரர், கவிதை இழையில் சேர்க்கலாமா தெரியவில்லை, ஆனால் அந்த வாக்கியங்களைக் கவிதை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. 2022இல் ஜெர்மன் இலக்கியத்தின் பெரிய விருதான பூஷ்னர் பரிசு அவருக்குப் போனபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

தூரத்துப்பனி

வணக்கம். நான் இருப்பது ஜெர்மனியின் ரூர் பகுதியில், எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எனக்கு வேலை பழக்கியவர் ஒரு துருக்கிப் பெரியவர், அனத்தோலியாவின் நடுப்பகுதி ஊர்க்காரர். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது உடைந்த ஜெர்மனில். அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் துருக்கிச் சொல் ‘குர்பெத்’. அந்நிய இடத்தில் இருக்கிற நிலைமைக்குப் பெயர் அது. அரபியிலிருந்து வந்த சொல், சூரியன் மறைகிற மேற்குத் திசைக்கான சொல்லும் அதே வேரில்தான் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குர்பெத் ஜெர்மனியோடு பிறந்த சொல் இல்லை. கிராமத்திலிருந்து பருத்தி பொறுக்க அதானாவுக்குப் போனாலும் குர்பெத்தான், இஸ்தான்புல்லுக்குக் கொத்து வேலைக்குப் போனாலும் குர்பெத்தான். அந்த ஊர்களின் நாட்டுப்பாடல்களில் பாதி அதைத்தான் அழுகிறது. 1961 அக்டோபர் 30ஆம் தேதி மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டபோது இந்தப் பாட்டுகள் ஏற்கனவே கையில் இருந்தன. இஸ்தான்புல்லின் சிர்கெஜி நிலையத்தில் ரயில் ஏறி மியூனிக்கில் இறங்கும் ஆளுக்குப் பாட்டைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை, ஊர்ப் பெயரை மாற்றினால் போதும். 1973 நவம்பரில் ஆள் எடுப்பதை நிறுத்தும்வரை 8 லட்சத்துக்கும் அதிகமானோர் அப்படி வந்தார்கள், பாதிக்கு மேல் திரும்பியும் போனார்கள். வருவதற்கு முன்னால் இஸ்தான்புல்லில் ஜெர்மன் வைத்தியர்கள் வரிசையில் நிற்க வைத்து உடம்பைச் சோதித்தார்கள், பல்லைக்கூட விடவில்லை. எங்கள் பெரியவர் அதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கையால் வாயை மூடிக்கொள்வார்.

அவர் அடிக்கடி சொல்லும் இன்னொன்று, எல்லாத் துருக்கியருக்கும் தெரிந்த சொலவடை: ஜெர்மனியில் ‘யபஞ்ஜி’, துருக்கியில் ‘அல்மாஞ்ஜி’. முதலாவது அந்நியன். இரண்டாவதை ‘ஜெர்மனிக்காரன்’ என்று மாற்றலாம், ஆனால் கோடை விடுமுறைக்குக் கார் நிறையச் சாமானோடு ஊருக்குப் போகிறபோது ஊர்க்காரர் முதுகுக்குப் பின்னால் சொல்கிற தொனி அதில் இருக்கிறது. இரண்டு நாட்டிலும் ஒரே எதுகையில் விலக்கி வைத்துவிட்டார்கள். முழுக் கவிதையே அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

செங்கல்சூளை

எல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயத்தில் நான் முரண்படுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘இரண்டு பண்பாட்டுக்கு நடுவில்’ என்ற இந்தப் பேச்சே எனக்கு ஒப்பவில்லை. இந்தப் பக்கம் ஒரு கரை, அந்தப் பக்கம் ஒரு கரை, நடுவில் ஒரு பாலம், பாலத்தில் ஒரு பாவப்பட்ட துருக்கியர். யார் எழுதினாலும் இந்தப் படத்துக்குள் அவரை நிறுத்திவிட்டுத்தான் படிக்க ஆரம்பிக்கிறோம். லெஸ்லி அடெல்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ‘நடுவே’ என்ற சொல்லுக்கு எதிராகவே ஓர் அறிக்கை எழுதினார். அவர் கேட்கிற கேள்வி நியாயமானது. இரண்டு உலகம் என்று சொல்லும்போதே அவை ஒன்றையொன்று தொடாதவை என்று ஒப்புக்கொள்கிறோம். அப்புறம் அந்த மனிதர் அந்தரத்தில்தான் தொங்க முடியும், ஜெர்மனிக்குள் அவருக்கு இடமே இருக்க முடியாது. ஆனால் இவர்கள் அந்தரத்திலா வாழ்ந்தார்கள்? கொலோனிலும் பெர்லினிலும் வாடகை கொடுத்து, வரி கட்டி, பிள்ளை பெற்று வாழ்ந்தார்கள். இவர்களுடைய கவிதை ஜெர்மன் கவிதையின் ஒரு பகுதி. பாலம் என்று சொல்லுகிறவர் மரியாதையாகப் பேசுவதாக நினைக்கிறார், ஆனால் பாலத்தில் யாரும் குடியிருப்பதில்லை.

கல்மரம்

செங்கல்சூளை, நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி ஏற்கிறேன். ஆனால் பாலத்தைக் கண்டபடி புகழ்ந்தவர்கள் விமர்சகர்களும் மேடைப் பேச்சாளர்களும்தான். கவிஞர்கள் அதை எப்படி எழுதினார்கள் என்று பாருங்கள். நெவ்ஃபெல் ஜுமார்த் 1964இல் ஜெர்மனியிலேயே பிறந்தவர், ‘இரண்டு உலகங்கள்’ என்று ஒரு கவிதை உண்டு. வரிக்கு ஒன்றிரண்டு சொல்தான், தாளில் ஒரு கயிறு தொங்குவது மாதிரி இறங்கும். முடிவில்லாத தனிமையின் நடுவே ஒரு பாலமாக இருக்க ஆசைப்படுகிறேன் என்கிறார். ஆனால் ஒரு கரையில் கால் ஊன்றவே முடியவில்லை, மறு கரையிலிருந்து மேலும் மேலும் கழன்றுகொண்டே போகிறேன், பாலம் உடைகிறது, என்னை நடுவில் கிழிக்கப் பார்க்கிறது. அதாவது பாலமாக இரு என்று இவரிடம் ஊரே கேட்டபோது இவர் பதில் சொல்லியிருக்கிறார். அந்த உவமை தாங்காது என்று அடெல்சனுக்கு முன்னால் கவிதையே சொல்லிவிட்டது என்று நான் வாசிக்கிறேன்.

ஷெனொஜாக்கும் அப்படித்தான். அவர் இரண்டு நாட்டுக்கு நடுவில் நிற்கிறேன் என்று சொல்லவில்லை. இரண்டும் எனக்குள் இருக்கின்றன என்கிறார். கோடு வெளியே வரைபடத்தில் இல்லை, வாய்க்குள் இருக்கிறது. இது பெரிய வித்தியாசம். இன்னொன்று, இவர் யூனுஸ் எம்ரேயை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். 700 வருஷத்துக்கு முந்தைய அனத்தோலிய சூஃபியின் சொல்லை வாயில் போட்டு மென்று ஜெர்மனாக வெளியே எடுத்தவருக்கு எல்லை எங்கே ஓடுகிறது என்று தெரியாமலா இருக்கும்?

கரிசல்மண்

நீங்கள் எல்லோரும் இரண்டாம் தலைமுறைக் கவிதையிலிருந்து பேசுகிறீர்கள். கொஞ்சம் பின்னால் போய் அராஸ் ஓரெனைப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். 1939இல் இஸ்தான்புல்லில் பிறந்து 1969இல் பெர்லினுக்கு வந்தவர். ‘நௌனின் தெருவில் நியாஸிக்கு என்ன வேலை’ என்ற நெடுங்கவிதை 1973இல் வந்தது. ஆள் எடுப்பை நிறுத்திய அதே வருஷம். அவர் எழுதியது துருக்கி மொழியில், ஆனால் புத்தகமாக முதலில் வந்தது ஜெர்மன் மொழிபெயர்ப்பு. மூலம் பின்னால் வருகிறது, மொழிபெயர்ப்பு முன்னால் நடக்கிறது. இந்தக் கவிஞர்களின் நிலைமைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

நௌனின் தெரு இருப்பது க்ரோய்ட்ஸ்பெர்க்கில். அப்போது மேற்கு பெர்லினின் ஓரம், கொஞ்ச தூரத்தில் பெர்லின் சுவர். இடிக்கப்போகிறோம் என்று பழுது பார்க்காமல் விட்ட வீடுகள், அதனால் வாடகை குறைவு, அதனால் துருக்கியர். ஒரு கிறுக்குக் காற்று அடித்து ஒரு துருக்கியரின் மீசையைக் கிளப்ப, அவர் மீசைக்குப் பின்னால் ஓடி இந்தத் தெருவுக்கு வந்துவிடுகிறார், அப்படித்தான் கவிதை தொடங்குகிறது. நாட்டுப்புறக் கதைசொல்லி பேசுகிற தோரணை. ஆனால் சீக்கிரமே கவிதை அந்தத் தெருவில் குடியிருக்கும் குட்சர் அம்மாள் என்ற வயதான ஜெர்மன் பெண்ணிடம் போகிறது. அவளுடைய பழைய நாட்கள், அவளுடைய தனிமை, அவள் கணவன். ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிற உழைப்பாளிகளாக ஜெர்மானியரையும் துருக்கியரையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு போகிறார். ஓரெனுக்கு இரண்டு உலகம் என்று ஒன்று இல்லை. ஒரு தெரு இருக்கிறது, அதில் கூலிக்கு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் இடதுசாரி, அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும், சில இடங்களில் கட்சிக் கூட்டப் பேச்சு போல ஆகிவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் செங்கல்சூளை கேட்டது இதில் இருக்கிறது. 1980இல் வந்த மூன்றாம் பகுதியின் தலைப்பையே பாருங்கள், அந்நியமும் ஒரு வீடுதான் என்று பொருள்.

செங்கல்சூளை

நன்றி கரிசல்மண், நான் சொல்ல நினைத்து வாய் வராமல் போனது இதுதான். வீடு என்ற சொல்தான் முக்கியம்.

மழைக்கோடு

வீடு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட என்னால் முடியவில்லை. செம்ரா எர்தான் பெயரை இதுவரை யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

1957இல் துருக்கியின் மெர்சினில் பிறந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில், ஏற்கனவே வேலைக்கு வந்திருந்த அப்பா அம்மாவிடம் கீல் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையும் வரைபட வேலையும் பார்த்தார். துருக்கியிலும் ஜெர்மனிலும் 350க்கும் மேற்பட்ட கவிதைகள். 1981இல் எழுதிய கவிதையின் தலைப்பு ‘என் பெயர் அந்நியர்’. தூரத்துப்பனி அண்ணா சொன்ன அந்த யபஞ்ஜி என்ற சொல்தான் துருக்கித் தலைப்பில் இருக்கிறது. தன் பெயரை எடுத்துவிட்டு அந்தச் சொல்லை அங்கே வைத்துவிட்டார்கள் என்கிறார். அதோடு, என் நாடு எங்களை மாற்றாந்தாய்ப் பிள்ளைகளைப் போல ஜெர்மனிக்கு விற்றுவிட்டது என்றும் எழுதுகிறார். இந்த வரிக்காகத்தான் ‘இரண்டு பண்பாடு’ என்ற பேச்சு எனக்கு வலிக்கிறது. ஒரு நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது, இன்னொரு நாட்டுக்குக் கை தேவைப்பட்டது. அதைப் பண்பாடு என்று சொன்னால் கையெழுத்துப் போட்டவர்கள் மறைந்துபோகிறார்கள்.

1982 மே மாதம் ஹாம்பர்க்கில், துருக்கியர்மீது வளர்ந்துகொண்டிருந்த வெறுப்பை எதிர்த்து, அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 25 வயது நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன. அடுத்த வருஷமே வேலையிழந்த வெளிநாட்டவருக்கு 10,500 மார்க் கொடுத்து ஊருக்கு அனுப்பும் சட்டம் வந்தது. அவருடைய கவிதைகள் இருமொழிப் புத்தகமாக 2020இல்தான் வந்தன. சகோதரியும் சகோதரியின் மகளும் பாதுகாத்து வெளியே கொண்டுவந்தார்கள். 38 வருஷம்.

அவரை நினைக்கும்போது சாவிலிருந்து தொடங்கிவிடுகிறோம், நானும் இப்போது அதையே செய்துவிட்டேன் போல. அந்தக் கவிதைகளில் கடிதத்துக்குக் காத்திருப்பது இருக்கிறது, காதல் இருக்கிறது, வேலைத்தலத்தில் பெண்கள் படும் பாடு இருக்கிறது. அவரைக் கவிஞராகப் படியுங்கள், இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தூரத்துப்பனி

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். நான் இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் மோல்னும் (1992) ஸோலிங்கனும் (1993) நடந்தன. துருக்கிக் குடும்பங்கள் தூங்கிக்கொண்டிருந்த வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். மோல்னில் மூன்று பேர், ஸோலிங்கனில் ஐந்து பேர், எல்லோரும் பெண்களும் சிறுமிகளும். அதற்கப்புறம் கன நாள் நாங்களும் இரவில் வாசல் கதவைப் பூட்டிவிட்டு ஜன்னல் பக்கம்தான் படுத்தோம், குதிக்க வேண்டிவந்தால் என்று. ஸோலிங்கனில் பிறந்து வளர்ந்த ஓஸ்லெம் ஓஸ்குல் துண்டார் என்ற கவிஞர் பின்னால் அந்தத் தீயை எழுதினார், குழந்தையோடு குதிக்கிற தாயின் குரலில், முற்றுப்புள்ளி கமா எதுவும் இல்லாமல். மூச்சு எடுக்க இடம் இருக்காது. ஒரே தடவைதான் படித்தேன்.

ஈரக்காற்று

இவ்வளவு கனத்துக்குப் பிறகு இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன், ஆனால் இதுவும் உண்மைதான் என்பதால் சொல்கிறேன். ஸெஹ்ரா ச்சிராக். இஸ்தான்புல்லில் 1960இல் பிறந்து மூன்று வயதில் கார்ல்ஸ்ரூவே வந்தவர். அவர் பண்பாட்டு அடையாளம் பற்றி எழுதிய கவிதையில் விளையாடுகிறார். காலையில் ஜப்பானிய முறையில் தரையில் எழ வேண்டும், ஆங்கிலேயர் மாதிரிக் காலைச் சாப்பாடு, சீனர் மாதிரி வேலை, பிரெஞ்சுச் சாப்பாடு, ரோமானியக் குளியல், பவேரியர் மாதிரி நடை, ஆப்பிரிக்கர் மாதிரி ஆட்டம் என்று பட்டியல் போட்டுக்கொண்டே போகிறார். நீ துருக்கியா ஜெர்மனா, ஒன்றைச் சொல்லு என்று கேட்டவர்களுக்கு இரண்டு என்ற எண்ணிக்கையையே கலைத்துவிட்டார். எனக்கு இது தப்பித்தலாகத் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க அழுதுகொண்டிருக்க முடியாது, சாப்பிடவும் ஆடவும் வேண்டியிருக்கிறது. 1991 தொகுப்பின் தலைப்பு ‘யானை முதுகில் பறவை’ என்ற பொருளில் இருக்கும். யார் யானை, யார் பறவை என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

கரிசல்மண்

ஒரு தகவல். ஓரென், ச்சிராக், இன்னும் பலருக்குக் கிடைத்த ஷமிஸ்ஸோ பரிசு, தாய்மொழி ஜெர்மன் அல்லாமல் ஜெர்மனில் எழுதுகிறவர்களுக்கென்றே 1985இல் தொடங்கியது. முதல் பரிசே ஓரெனுக்குத்தான். 2017இல் நோக்கம் நிறைவேறிவிட்டது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். தனி அறை கட்டி உட்கார வைத்தார்கள் என்று வருத்தப்பட்ட எழுத்தாளர்கள் உண்டு, அந்த அறை இல்லாவிட்டால் யாரும் கதவே திறந்திருக்க மாட்டார்கள் என்றவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது அந்தப் பெயர். ஷமிஸ்ஸோ பிரான்சில் பிறந்து, புரட்சிக் காலத்தில் குடும்பத்தோடு ஓடிவந்து, ஜெர்மனில் எழுதியவர். நிழலை விற்றுவிட்டு ஊர் ஊராக அலைகிற மனிதனின் கதை அவருடையதுதான்.

மழைக்கோடு

இப்போது எழுதுகிறவர்களில் தின்ச்செர் குச்யெதெரைப் படியுங்கள். 1979இல் நெட்டெதாலில் பிறந்தவர், சொந்தமாக ஒரு சிறு கவிதைப் பதிப்பகம் நடத்துகிறார். அதற்குக் காசு வேண்டுமே என்று கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினார். 2022இல் கவிதைக்கான பீட்டர் ஹூகெல் பரிசும், அம்மாவின் கதையை எழுதிய நாவலுக்கு 2023இல் லைப்ஸிக் புத்தகச் சந்தைப் பரிசும் கிடைத்தன. பரிசு வாங்கியதால் சொல்லவில்லை. அவர் அம்மாவைப் பேச வைக்கிறார். ஓரெனின் நியாஸிக்கும் ஷெனொஜாக்கின் இரட்டை மனிதனுக்கும் பின்னால் இரவு வேலைக்குப் போய்விட்டு வந்து சமைத்த ஒரு பெண் இருந்தாளே, அவள் வாயைத் திறக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. செம்ரா எர்தான் அப்போதே திறந்தார், யாரும் கேட்கவில்லை.

கல்மரம்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, என் வரிக்குத் திரும்புகிறேன். உங்கள் பதிவுகளைப் படித்த பிறகு இரண்டு வடிவம் எழுதினேன்:

எல்லைக்கோடு என் நாவின் நடுவே செல்கிறது.

எல்லை என் நாக்கு நடுவில் ஓடுகிறது.

முதலாவது காதுக்கு நன்றாக இருக்கிறது. ‘நா’ என்றால் செந்நாப் புலவர், நாவலர் என்று மொழிப்பொருளும் ஒட்டிக்கொண்டு வரும். எதை வைக்கலாம்?

தூரத்துப்பனி

நேற்று அந்தத் துருக்கிப் பெரியவரைப் பார்க்கப் போனேன், இப்போது ஓய்வில் இருக்கிறார், காது மந்தம். கவிதையை ஜெர்மனில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இந்த வரி வந்ததும் ‘தில், தில்’ என்று சொல்லி நாக்கை நீட்டி விரலால் தொட்டுக் காட்டினார். மொழி என்று அவர் தலையைத் தொடவில்லை, புத்தகத்தைக் காட்டவில்லை.

ஈரக்காற்று

அப்படியானால் நாக்குதான். ‘நா’ என்றால் சபையில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதில் இரத்தம் வராது. இதற்கு மேல் வரியில்தான் இரண்டு உலகமும் இரத்தம் கசிகிறது, கீழே ஒரு புண் வருகிறது, கைதி கம்பியை ஆட்டுவதும் வருகிறது. நடுவில் சதை இருக்க வேண்டும்.

கல்மரம்

நாக்கு என்றே வைத்துவிட்டேன். மொழி என்று யாருக்காவது கேட்டால் கேட்கட்டும். அந்தக் கைதி வரிக்கு ‘உலுக்குகிறேன்’ எழுதியிருந்தேன், ‘ஆட்டிப் பார்க்கிறேன்’ என்று மாற்றுகிறேன், ஆடுகிற பல்லை நாம் ஆட்டிப் பார்ப்போமே, அப்படி வர வேண்டும் என்று தோன்றுகிறது. இது முடிந்ததும் செம்ரா எர்தானை எடுக்கப் போகிறேன். மழைக்கோடு, அந்த இருமொழிப் புத்தகம் உங்களிடம் இருந்தால் துருக்கிப் பக்கத்தை எனக்குச் சொல்லுக்குச் சொல் விளக்கித் தர முடியுமா?

மழைக்கோடு

இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம். கடிதத்துக்குக் காத்திருக்கும் கவிதைகளிலிருந்து தொடங்குவோம், ‘என் பெயர் அந்நியர்’ என்ற தலைப்புக் கவிதை கடைசியில்.